பேனிக் அட்டாக்குக்கு மாத்திரை போடலாமா வேண்டாமா: முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

பேனிக் அட்டாக்குக்கு, அதாவது காரணமே தெரியாம திடீர்னு வர்ற கடுமையான பயத்துக்கும் படபடப்புக்கும், டாக்டர் மாத்திரை எழுதியிருக்கார்னு வீட்ல சொன்னா பெரும்பாலும் ரெண்டு விதமான பதில்தான் வரும். "அதெல்லாம் ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா விட முடியாது, மூளை மந்தமாயிடும், பேசாம யோகா பண்ணு"ன்னு ஒருத்தர் சொல்வாங்க. இன்னொருத்தர் "எனக்கும் இப்படித்தான் படபடன்னு இருந்துச்சு, இந்தா இதுல பாதி போட்டுக்கோ, நிம்மதியா தூங்கலாம்"னு தன்னோட அட்டையில இருந்தே ஒண்ணைக் கிள்ளிக் கொடுப்பாங்க. ரெண்டு பேருக்கும் நம்ம மேல அக்கறைதான், ஆனா ரெண்டுமே தப்பான யோசனை. பதட்டத்துக்குக் கொடுக்கிற மாத்திரைல முக்கியமா ரெண்டு ரகம் இருக்கு, ரெண்டும் வேலை செய்ற விதம், எடுத்துக்கிற காலம், நிறுத்துற முறை எல்லாமே வேற வேற. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் தேவைப்படுறவங்க பயந்து ஒதுங்குறாங்க, தேவையில்லாதவங்க வருஷக்கணக்கா முழுங்கிட்டு இருக்காங்க. இந்தக் குழப்பத்தைத் தெளிவுபடுத்தத்தான் இதை எழுதுறேன். டாக்டர் சொல்றதுக்குப் பதிலா இதை எடுத்துக்க வேண்டாம், அவர் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி படிச்சு வச்சுக்கோங்க.

அட்டாக் வரும்போது உடம்புக்குள்ள என்ன நடக்குது

அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல அலாரம் வச்ச பைக் ஒண்ணு நிக்கும் பாருங்க, திருடனுக்காக வச்சது, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பூனை சீட்ல ஏறிக் குதிச்சாக்கூட மொத்த பில்டிங்கையும் எழுப்பிடும். சத்தம் நிஜம், சைரன் ஒழுங்கா வேலை செய்யுது, திருடன்தான் இல்ல. பேனிக் அட்டாக்கும் இதே கதைதான்.

மூளைக்குள்ள அமிக்டலான்னு ஒரு சின்னப் பகுதி இருக்கு, ஆபத்தைக் கண்டுபிடிச்சு உடம்பை உஷார் பண்றதுல அதுக்குப் பெரிய பங்கு. அது உஷார் ஆனா அட்ரினலின் சுரக்கும், அதாவது ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார் பண்ற ஹார்மோன். இதயம் வேகமா அடிக்கும், வியர்க்கும், கை நடுங்கும், வயித்தைப் பிசையும், மூச்சு வேகமாகும். நாயி துரத்துறப்போ இதெல்லாம் வந்தா யாரும் கவலைப்பட மாட்டோம், ஓடிடுவோம். சும்மா பேங்க் க்யூல நிக்கும்போது வந்தா, காரணம் ஒண்ணும் தெரியாததால "நெஞ்சுவலி போல இருக்கே"ன்னு தோணும்.

இங்க மூச்சைக் கொஞ்சம் கவனிக்கணும். பயத்துல வேகவேகமா மூச்சு விடும்போது ஆக்ஸிஜன் குறையுறதில்ல, ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடுதான் தேவைக்கு மேல வெளிய போயிடுது, அது குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கும், அதனாலதான் தலை கிறுகிறுன்னு வருது, அதே கார்பன் டை ஆக்ஸைடு குறையுறதாலதான் விரல் நுனியும் உதட்டைச் சுத்தியும் ஊசி குத்துற மாதிரி மரத்துப் போகுது. ஆனா அனுபவிக்கிறவங்களுக்கு மூச்சே கிடைக்காத மாதிரி இருக்கும், அதனால இன்னும் இழுத்து இழுத்து மூச்சு விடுவாங்க, அது இன்னும் மோசமாக்கும்.

1986-ல டேவிட் கிளார்க்னு ஒரு பிரிட்டிஷ் சைக்காலஜிஸ்ட் இந்தச் சுழற்சியைத் தெளிவா எழுதினார். உடம்புல ஒரு சின்ன மாற்றம், அதைப் பெரிய ஆபத்துன்னு தப்பா அர்த்தம் பண்ணிக்கிறது, அதனால வர்ற பயம், அந்தப் பயத்தால உடம்புல இன்னும் பெரிய மாற்றம், இப்படி ஒண்ணை ஒண்ணு ஏத்திவிட்டுக்கிட்டே போகும். பொதுவா பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் அப்புறம் தானா இறங்கிடும், ஆனா அந்தப் பத்து நிமிஷம் செத்துப் போயிடுவோம்னு நிஜமாவே தோணும், அதை "ஓவர் ரியாக்ஷன்"னு சொல்றவங்க மேல எனக்குக் கோவம்தான் வரும்.

ஒரு தடவை அட்டாக் வந்துட்டா அது நோய்னு அர்த்தம் இல்ல, நிறையப் பேருக்கு வாழ்க்கைல ஒண்ணு ரெண்டு தடவை வந்து போயிடும். எதிர்பாராம திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போ வருமோங்கிற பயமோ, அதுக்குப் பயந்து நடவடிக்கையை மாத்திக்கிறதோ ஒரு மாசமாவது நீடிச்சா அதுக்குப் பேர் பேனிக் டிஸார்டர். அட்டாக்னு தனியா வராம, வேலை, பணம், பிள்ளைங்க, உடம்புன்னு எல்லாத்தையும் பத்தி பெரும்பாலான நாள் கவலை ஓடிட்டே இருந்து அது ஆறு மாசத்துக்கு மேல போனா ஜெனரலைஸ்டு ஆங்ஸைட்டின்னு சொல்வாங்க. ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

இதுவரைக்கும் பார்த்ததைச் சுருக்கமா சொன்னா: அறிகுறிகள் நிஜம், கற்பனை இல்ல. அலாரம் தேவையில்லாத நேரத்துல அடிக்குது, அதைக் கேட்டு வர்ற பயம் அலாரத்தை மறுபடி அடிக்க வைக்குது.

மொதல்ல உடம்பைப் பாத்துடணும்

மாத்திரை பத்திப் பேசுறதுக்கு முன்னாடி இது வேற ஏதாவதா இல்லையான்னு பார்க்கணும். தைராய்டு அதிகமா சுரந்தா அச்சு அசல் இதே படபடப்பு வரும். ரத்த சோகை, சுகர் திடீர்னு இறங்குறது, இதயத் துடிப்புல கோளாறு, ஆஸ்துமா இன்ஹேலர், ஒரு நாளைக்கு அஞ்சாறு டம்ளர் காபி, எல்லாமே இதைக் கிளப்பலாம். அதனால ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், சுகர்னு அடிப்படை டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க, எடுத்துடுங்க. மொத தடவையா நெஞ்சுவலி வருது, அதுவும் சுகர், பிபி இருக்கு, வயசு நாப்பதுக்கு மேலன்னா பேனிக்தான்னோ கேஸ்தான்னோ நீங்களே முடிவு பண்ணி சோடா குடிச்சிட்டுப் படுக்காதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க.

டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்தா "உனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி அனுப்பிடுறாங்க, அங்கதான் நிறையப் பேர் மாட்டிக்கிறாங்க. இதயத்துல ஒண்ணும் இல்லங்கிறதுதான் அந்த ரிப்போர்ட் சொல்றது. கஷ்டம் அப்படியே இருக்கு, அதுக்கு வைத்தியமும் இருக்கு, வேற டாக்டர்கிட்ட.

மொத ரகம்: மெதுவா வேலை செய்றது

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் இதெல்லாம் இந்த ரகம், எஸ்எஸ்ஆர்ஐன்னு சொல்வாங்க, டிப்ரஷனுக்கும் இதையேதான் கொடுப்பாங்க. மூளைல நரம்பு செல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க உபயோகிக்கிற கெமிக்கல்ல ஒண்ணு செரோடோனின், அதை வெளியிட்ட செல்லே திரும்ப உறிஞ்சிக்கும், அந்த உறிஞ்சலை இந்த மருந்து குறைக்குது. செரோடோனின் அளவு மாறுறது சில மணி நேரத்துலயே நடந்துடும், ஆனா அதுக்கு ஏத்த மாதிரி மூளை தன்னைச் சரிபண்ணிக்க வாரக்கணக்குல ஆகுது, அதனாலதான் பலன் தெரிய ரெண்டுல இருந்து நாலு வாரம், முழுசாத் தெரிய ரெண்டு மூணு மாசம்கூட ஆகும். பைக் அலாரத்தோட சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிற வேலை இது.

இதுல பலரும் மாத்திரையை விட்டு ஓடுற இடம் ஒண்ணு இருக்கு. ஆரம்பிச்ச மொத ஒண்ணு ரெண்டு வாரம் பதட்டம் குறையுறதுக்குப் பதிலா கூடலாம், வயித்தைப் புரட்டலாம், தலைவலி வரலாம், தூக்கம் கெடலாம். பேனிக் இருக்கிறவங்க உடம்புல நடக்கிற ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் உத்துக் கவனிச்சுட்டே இருக்கிறவங்க, அவங்களுக்குப் போய் இது நடந்தா "மாத்திரை எனக்கு ஒத்துக்கல"ன்னு மூணாவது நாளே நிறுத்திடுறாங்க. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தா தாங்கியிருப்பாங்க. இதனாலதான் விவரமான டாக்டர் எஸ்சிடலோபிராம்னா 5 மில்லிகிராம், செர்ட்ராலின்னா 25 மில்லிகிராம்னு கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவார்.

பெரும்பாலான தொந்தரவு சில வாரத்துல போயிடும். செக்ஸ்ல ஆர்வம் குறையுறது, உச்சம் தாமதமாகுறது மட்டும் பலருக்குத் தங்கிடும், இதை டாக்டர்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு மருந்தையே தூக்கிப் போடுறவங்க நிறைய. சொன்னீங்கன்னா டோஸையோ மருந்தையோ மாத்த வழி இருக்கு. இன்னொரு முக்கியமான விஷயம், 25 வயசுக்குக் கீழ இருக்கிற சிலருக்கு ஆரம்பத்துல தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கட்டம் கட்டின எச்சரிக்கையே போட்டிருக்கு, அதனால மொத சில வாரம் வீட்ல ஒருத்தர் கூட இருந்து கவனிக்கணும், டாக்டரை சீக்கிரமே திரும்பப் பார்க்கணும். முன்னாடி எப்பவாவது தூக்கமே இல்லாம நாள்கணக்கா அதீத உற்சாகத்துல இருந்திருந்தா, அல்லது குடும்பத்துல யாருக்காவது பைபோலார் (அதீத உற்சாகமும் டிப்ரஷனும் மாறி மாறி வர்ற நோய்) இருந்தா அதையும் மறக்காம சொல்லணும், ஏன்னா அவங்களுக்கு இந்த ரகம் தனியா கொடுத்தா நிலைமை தலைகீழாகலாம்.

"வாழ்நாள் பூரா விட முடியாது"ங்கிற பயம் இந்த ரகத்துக்குப் பொருந்தாது. இதுக்கு ஏங்க மாட்டோம், போதை இல்ல, டோஸ் ஏத்திட்டே போகணும்ங்கிற கட்டாயமும் இல்ல. சரியான பிறகு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் தொடர்ந்துட்டு மெதுவா குறைச்சு நிறுத்துறதுதான் வழக்கம். சட்டுனு நிறுத்தினா உடம்பு முரண்டு பண்ணும், அதைக் கடைசில சொல்றேன்.

ரெண்டாவது ரகம்: உடனே கேக்குறது

ஆல்பிரஸோலாம், குளோனாசிபாம், லோராசிபாம், டயஸிபாம். பேர்களோட கடைசியைக் கவனிச்சீங்கன்னா பெரும்பாலும் 'பாம்', 'லாம்'னு முடியும், பென்ஸோடயஸபைன்னு மொத்தமா பேர். மூளையோட வேகத்தைக் குறைக்கிற காபான்னு ஒரு கெமிக்கல் இருக்கு, அதோட வேலையை இந்த மருந்து பலமாக்குது. போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்துல மனசு அமைதியாயிடும், அலறிட்டு இருக்கிற சைரன் மேல தலகாணியை வச்சு அமுக்குற மாதிரி. அலாரத்தோட சென்சிட்டிவிட்டி அப்படியேதான் இருக்கு.

சில வாரம் தினம் போட்டா உடம்பு பழகிடும், அதே அமைதிக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்படும், நிறுத்தினா மொதல்ல இருந்ததைவிட மோசமான பதட்டமும் தூக்கமின்மையும் வரும், ரொம்ப நாள் போட்டவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். "விட முடியாது"ன்னு ஊர்ல சொல்றது உண்மைல இந்த ரகத்தைப் பத்தித்தான். எந்த நோய்க்கு என்ன சிகிச்சைன்னு டாக்டருங்களுக்குச் சொல்ற இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு வழிகாட்டுதல்ல பேனிக் டிஸார்டருக்கு இந்த ரகத்தைக் கொடுக்க வேண்டாம்னே இருக்கு. நம்மூர்ல பல டாக்டருங்க எஸ்எஸ்ஆர்ஐ வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும், ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு மட்டும் சின்ன டோஸ்ல சேர்த்துக் கொடுப்பாங்க, நாள் கணக்கு தெளிவா இருந்தா அதுல ஒரு நியாயம் இருக்கு. குடிக்கிறவங்க இதைத் தொடவே கூடாது, ரெண்டும் சேர்ந்தா மூச்சு நின்னு போற அளவுக்கு ஆபத்து. வயசானவங்களுக்கு இதனால தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு உடையுற ரிஸ்க் இருக்கு, வண்டி ஓட்டுறவங்களும் ஜாக்கிரதையா இருக்கணும்.

ஆல்பிரஸோலாம், டயஸிபாம் மாதிரியானது இந்தியால ஷெட்யூல் எச்1 பட்டியல்ல இருக்கு, சீட்டு இல்லாம மெடிக்கல்ஸ்ல கொடுக்கக்கூடாது, சீட்டைப் பார்த்துக் கொடுத்தாலும் டாக்டர் பேர், பேஷண்ட் பேர் எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். அப்படிப்பட்ட மருந்தைத்தான் பக்கத்து வீட்டு அத்தை பாசத்துல கிள்ளிக் கொடுக்கிறாங்க.

அட்டையோட பின்பக்கத்தை ஒரு தடவை படிங்க

இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன். உங்க மாத்திரை அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்துல இருக்கிற பிராண்ட் பேரை விட்டுட்டு, அதுக்குக் கீழ பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க. "எஸ்சிடலோபிராம் 10 மி.கி., குளோனாசிபாம் 0.5 மி.கி."ன்னு ரெண்டு பேர் இருந்தா நீங்க போடுறது ரெண்டு மருந்து, ஒரே மாத்திரைக்குள்ள. இந்தியால இந்த மாதிரி கூட்டு மாத்திரை ரொம்ப சகஜம். பிராண்ட் பேருக்குப் பின்னாடி 'ப்ளஸ்'னோ வேற ஏதாவது ஒட்டோ இருந்தா கட்டாயம் பாருங்க.

இது ஏன் முக்கியம்னா, ஒரு வருஷம் தொடர வேண்டிய மருந்தையும் ஒரு மாசத்துல நிறுத்த வேண்டிய மருந்தையும் ஒண்ணா ஒட்டி வச்சிருக்கு. ஒண்ணை மட்டும் நிறுத்த வழியே இல்ல. ரெண்டு வருஷமா அதே அட்டையை வாங்கிப் போட்டுட்டு "நான் சாதாரண டிப்ரஷன் மாத்திரைதான் எடுக்கிறேன்"னு நம்பிக்கிட்டு இருக்கிறவங்க எத்தனையோ பேர். உங்களோடது இப்படி இருந்தா பயந்து நாளைக்கே நிறுத்திடாதீங்க, அது இன்னும் ஆபத்து. டாக்டர்கிட்ட அட்டையோட போய் "இது ரெண்டையும் தனித்தனியா எழுதிக் கொடுங்க, குளோனாசிபாமை எப்படிக் குறைக்கிறதுன்னு சொல்லுங்க"ன்னு கேளுங்க.

ப்ரொப்ரானலால்னு மூணாவதா ஒண்ணும் சிலருக்கு எழுதுவாங்க, அது நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் மட்டும் குறைக்கும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு ஆகாது.

மறுபடி சுருக்கமா: எஸ்எஸ்ஆர்ஐ மெதுவா ஏறும், மாசக்கணக்குல எடுக்கணும், அடிமையாக்காது. பென்ஸோ உடனே கேக்கும், வாரக்கணக்குல முடிக்கணும், பழக்கமாயிடும். உங்க கையில இருக்கிறது எதுன்னு தெரியாம "போடலாமா வேண்டாமா"ங்கிற கேள்விக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது.

மாத்திரை இல்லாத வைத்தியம்

சிபிடின்னு (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி) ஒரு தெரபி இருக்கு. சும்மா ஆறுதலா பேசுறதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க, அதுல ஹோம்வொர்க் எல்லாம் உண்டு. பயத்தைக் கிளப்புற எண்ணங்களையும் பழக்கங்களையும் கண்டுபிடிச்சு மாத்துற பயிற்சி அது. பேனிக்குக்குன்னே ஒரு பகுதி இருக்கு, தெரபிஸ்ட் முன்னாடி உட்கார்ந்து ஒரு நிமிஷம் வேணும்னே வேகமா மூச்சு விடச் சொல்வாங்க, சுழல் நாற்காலில சுத்த வைப்பாங்க, மெல்லிசான ஸ்ட்ரா வழியா மூச்சு விடச் சொல்வாங்க, மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வாங்க. அதே கிறுகிறுப்பு, அதே படபடப்பு வரும், ஆனா ஒண்ணும் ஆகாது, திரும்பத் திரும்ப செய்யச் செய்ய உடம்பு அதைக் கத்துக்கும். அலாரம் அடிச்சா எட்டிப் பார்த்து "பூனைதான்"னு சொல்லிட்டுத் திரும்பித் தூங்கக் கத்துக்கிறது இது.

2000-ல டேவிட் பார்லோங்கிற அமெரிக்க சைக்காலஜிஸ்ட்டும் அவரோட குழுவும் 312 பேனிக் நோயாளிகளை வச்சு ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க, இமிப்ரமின்ங்கிற பழைய மருந்தையும் சிபிடியையும் தனியாவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தாங்க. சிகிச்சை நடக்கும்போது ரெண்டுமே நல்லா வேலை செஞ்சுது, எல்லாத்தையும் நிறுத்தின பிறகு அந்த மருந்து சேராம சிபிடி எடுத்தவங்களுக்குக் கிடைச்ச பலன் அதிகமா நிலைச்சு நின்னுது. மருந்து வேண்டாம்னு நினைக்கிறவங்க சொல்ற "மனசை மாத்தினா போதும்"ங்கிறதுக்கு இதுல ஆதாரம் இருக்கு, ஆனா வாரா வாரம் ஒழுங்கா பயிற்சி எடுத்தாத்தான். நம்ம பிரச்சனை, சிபிடி தெரிஞ்ச கிளினிகல் சைக்காலஜிஸ்ட் பெரிய ஊர்லதான் கிடைக்கிறாங்க, ஒரு சிட்டிங்குக்கு ஆகுற செலவு எல்லாருக்கும் தாங்காது. அந்த நிலைமைல இருக்கிறவங்ககிட்ட போய் "மாத்திரை போடாதே, தெரபி போ"ன்னு சொல்றது எந்த விதத்துல நியாயம்?

அப்போ முடிவை எப்படி எடுக்கிறது

எத்தனை அட்டாக் வருதுன்னு எண்ணுறதைவிட, அதனால உங்க உலகம் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு பாருங்க. தாம்பரத்துல ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் வேலைக்குப் போற ஒரு பொண்ணுன்னு வச்சுக்குவோம், கூட்டத்துல ஒரு நாள் அட்டாக் வந்துது, அப்புறம் மின்சார ரயிலை விட்டுட்டு பஸ், பஸ்லயும் கதவுப் பக்கம் சீட் கிடைச்சாத்தான், அப்புறம் ஆட்டோ, அப்புறம் தம்பி கூட வந்தாத்தான், கடைசில "வீட்ல இருந்தே வேலை பண்ணிக்கிறேன்"னு ஆபீஸ்ல கேக்குறது. ரெண்டு மாசமா அவளுக்கு அட்டாக்கே வரல, எல்லாரும் சரியாயிடுச்சுன்னு நினைக்கிறாங்க, நிஜத்துல நோய் அவளை வீட்டுக்குள்ள கொண்டு வந்து உட்கார வச்சிருச்சு. இந்த அளவுக்குப் போனவங்களுக்கு மருந்து, தெரபி ரெண்டையும் பத்தி இன்னைக்கே பேசணும். தூக்கம், சாப்பாடு கெட்டு டிப்ரஷனும் கூட இருந்தா, தெரபிக்கு வழியில்லன்னா, தெரபி ஆரம்பிச்சும் பயிற்சி பண்ண முடியாத அளவுக்குப் பயம் இருந்தா, மருந்துப் பக்கம் சாயுறது புத்திசாலித்தனம். உயிரை விடணும்னு எண்ணம் வந்தா காத்திருக்கவே வேண்டாம்.

எப்பவோ ஒரு தடவை வருது, வேலை, வெளிய போறது, உறவு எல்லாம் அப்படியே ஓடுது, என்ன நடக்குதுன்னும் புரிஞ்சுடுச்சுன்னா, காபியைக் குறைச்சு, தூக்கத்தைச் சரிபண்ணி, நடந்து, தெரபி ட்ரை பண்ணிட்டு கொஞ்ச நாள் பார்க்கலாம். அதுவும் ஒரு நல்ல முடிவுதான், ஆனா ரெண்டு மூணு மாசத்துல திரும்பப் பாக்குறதுன்னு ஒரு தேதி குறிச்சு வச்சுக்கோங்க, இல்லன்னா அப்படியே வருஷம் ஓடிடும்.

கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு மனநல மாத்திரைன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்ங்கிற பயத்துல முடிவெடுக்கிற வீடுகள் நம்மகிட்ட ஏராளம். அந்தப் பயம் எங்க இருந்து வருதுன்னு புரியுது. ஆனா அதுக்காக ஒரு பிள்ளையை நாலு வருஷம் பயத்தோட தனியா விடுறது ரொம்பப் பெரிய விலை. கர்ப்பமா இருக்கிறவங்க, கர்ப்பத்துக்குத் திட்டமிடுறவங்க கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லணும், மருந்துத் தேர்வு மாறும், பயந்து தானா நிறுத்திடக் கூடாது.

எங்க போறது, என்ன கேக்குறது

மருந்து எழுதுறவர் சைக்கியாட்ரிஸ்ட், அதாவது எம்பிபிஎஸ் முடிச்சு மனநலத்துல மேற்படிப்பு படிச்ச டாக்டர். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு, மருந்தும் இலவசம். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னா 14416-க்கு போன் பண்ணுங்க, மத்திய அரசோட டெலி மனஸ் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

உள்ள போனா நாலு கேள்வியைக் கேக்காம வெளிய வராதீங்க. இது எந்த ரகம், எவ்வளவு நாள் எடுக்கணும், மொத ரெண்டு வாரத்துல என்ன தொந்தரவு வரலாம், நிறுத்துறப்போ எப்படி நிறுத்துறது. ஓபி கூட்டத்துல ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும்னா துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுப் போங்க. எடுத்துக்கிட்டு இருக்கிற வலி மாத்திரை, நாட்டு மருந்து, குடிப்பழக்கம் எல்லாத்தையும் சொல்லிடணும்.

நிறுத்துறப்போ

நல்லாயிட்டோம்னு தோணின உடனே தானா நிறுத்துறதுதான் அதிகமா நடக்கிறது. எஸ்எஸ்ஆர்ஐயைச் சட்டுனு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள்ள மின்சாரம் ஒரு நொடி பாயுற மாதிரி ஒரு உணர்வு எல்லாம் வரலாம். "பாத்தியா, அடிமையாயிட்டேன்"னு பயந்து மறுபடி ஆரம்பிப்பாங்க, இல்லன்னா "நோய் திரும்பிடுச்சு"ன்னு உடைஞ்சு போவாங்க. மருந்தை விடுறதால வர்ற தொந்தரவு பொதுவா நிறுத்தின சில நாள்லயே ஆரம்பிக்கும், பெரும்பாலும் சில வாரத்துல அடங்கும், சிலருக்கு இன்னும் நாள் பிடிக்கலாம். நோய் திரும்புறது பெரும்பாலும் வாரங்களோ மாசங்களோ கழிச்சு, பழைய பயமும் பழைய தவிர்ப்பும் மெல்ல மெல்ல திரும்பி வர்ற மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் செய்ய வேண்டியது வேற: மொதலாவதுக்கு டோஸை இன்னும் மெதுவா குறைக்கணும், ரெண்டாவதுக்கு சிகிச்சையைத் திரும்ப ஆரம்பிக்கிறதைப் பத்திப் பேசணும். அதனால டோஸ் குறைக்கிற காலத்துல எந்தத் தேதில எவ்வளவு குறைச்சீங்க, எந்தத் தேதில என்ன தோணுச்சுன்னு காலண்டர்லயே குறிச்சு வச்சு, அதைக் கொண்டு போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.